கூப்பிட்டது கேட்டது

திரௌபதி கூப்பிட்டும் காதில் விழவில்லை என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்குக் காது பழுது, இல்லையென்றால் வாய் பழுது. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கவே முடியாது. இந்த ஊரில் பல வருடமாகக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு அலைகிற வக்கீல் பாரி சொல்கிறேன். அதிலும், அவரால் கைக்கு வந்த வெற்றி ஒன்றைப் பறிகொடுத்தவன் சொல்கிறேன். எனக்கு அவரைப் புகழ்ந்து ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

விருத்தாசலத்துக் கோர்ட்டுகளில் ஒன்றில் அவர் டவாலி. அரசாங்கக் காகிதத்தில் அலுவலக உதவியாளர் என்று இருக்கும். புடவைக்கு மேல் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் ஒரு பித்தளை வில்லை. அன்றைய வழக்குப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கட்சிக்காரர்களின் பெயரைக் கூப்பிடுவது அவர் வேலை. ஒரு பெயருக்கு மூன்று தடவை. கூப்பிட்டும் வாதியோ அவருடைய வக்கீலோ வரவில்லை என்றால் வழக்கு தள்ளுபடி. பிரதிவாதி வரவில்லை என்றால் எக்ஸ்பார்ட்டி, அதாவது அவன் இல்லாமலே தீர்ப்பு. ஒரு ஆளின் நிலமும் வீடும் டவாலியின் தொண்டையைத் தாண்டித்தான் கோர்ட்டுக்குள் வந்தாக வேண்டும்.

வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு ஃபேனுக்குக் கீழே ஓடிப் போய் நிற்கிற டவாலிகளையும் நான் பார்த்திருக்கிறேன். ரோட்டில் ஒரு பஸ்ஸு ஹாரன் அடித்தால் பெயர் அதோடு காணாமல் போய்விடும். திரௌபதி முதல் தடவை கோர்ட்டு வாசலில் நின்று கூப்பிடுவார். இரண்டாவது தடவை வராந்தாப் படியில் இறங்கி நின்று. மூன்றாவது தடவை டீக்கடையைப் பார்த்து. எங்கள் ஊர்க் கட்சிக்காரர்கள் எங்கே இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் குரல் செராமிக் பட்டறையில் வளர்ந்தது. மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி வந்த புதிதில், பழமலை என்பவரின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பால் மில்லு என்று ஒரு பெரிய உருளை உண்டு. உள்ளே குண்டுகள் உருண்டு மண்ணையும் கல்லையும் தண்ணீரோடு அரைக்கும். அது சுற்றுகிறபோது பக்கத்தில் இருப்பவர் பேசினாலும் உதடு அசைவதுதான் தெரியும். அதைத் தாண்டி, சூளைப் பக்கம் இருக்கிறவர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வேலை யாரும் சொல்லாமலே திரௌபதியிடம் வந்து சேர்ந்தது. அவர் கத்துவதில்லை. கத்தினால் தொண்டை கட்டிக்கொள்ளும், பெயரும் சிதைந்துவிடும். எழுத்தெழுத்தாக, நிறுத்தி, வயிற்றிலிருந்து எடுத்துக் கூப்பிடுவார்.

அவர் கணவர் குருமூர்த்தி இதே கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். மஞ்சள் காமாலை முற்றி இறந்துபோனார். கருணை அடிப்படையில் வேலை திரௌபதிக்கு வந்தது. ஒரு பொம்பளை வராந்தாவில் நின்று ஆம்பளைகளின் பெயரைப் பட்டுப்பட்டென்று கூப்பிடுவதா என்று பார் அசோசியேஷனில் சில பெருந்தலைகள் முகம் சுளித்தார்கள். அந்தத் தலைகளில் என்னுடையது இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன். ஒரே வாரத்தில் நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். அவர் வந்த பிறகு, கூப்பிட்டது கேட்கவில்லை என்று ஓடி வருகிற கட்சிக்காரர்களே இல்லாமல் போனார்கள். அப்படி ஓடி வருகிறவர்களை நம்பி மனு போட்டுப் பிழைத்த இரண்டு வக்கீல்களுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

எங்கள் பக்கத்துப் பெயர்களும் லேசுப்பட்டவை இல்லை. தெற்கேயிருந்து மாறுதலாகி வந்த ஒரு குமாஸ்தா, பாவாடை என்ற பெயரைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் ‘திருமதி பாவாடை’ என்று அடித்துக் கொடுத்துவிட்டார். திரௌபதி உள்ளே போய், திருமதியை எடுத்துவிட்டுத்தான் கூப்பிடுவேன், எழுதித் திருத்திக் கொடுங்கள் என்று நின்றார். குமாஸ்தா திருத்தினார். கூப்பிட்டதும் முறுக்கு மீசையும் வேட்டியுமாக நல்லூர்க்காரர் ஒருவர் எழுந்து வந்தார். குமாஸ்தா அன்று மத்தியானம் சாப்பிடவே போகவில்லை.

இதையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் பட்டியலில் குருமூர்த்தி என்று ஒரு பிரதிவாதி வந்தார். யாரோ வெளியூர்க்காரர். திரௌபதி கணவர் பெயரை வாழ்நாளில் வாயால் சொன்னதில்லை. அவர் இருந்தபோதும் இல்லை, போன பிறகும் இல்லை. ரேஷன் கடையில்கூட விரலால் தொட்டுக் காட்டுவார். அன்றைக்கு நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். பட்டியலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வேறு யாரையாவது கூப்பிடச் சொல்லியிருக்கலாம், யாரும் தப்பாக நினைத்திருக்கமாட்டார்கள். அவர் வாசலில் நின்று கூப்பிட்டார். படியில் இறங்கிக் கூப்பிட்டார். டீக்கடையைப் பார்த்துக் கூப்பிட்டார். மூன்று தடவையும் ஒரு எழுத்துக்கூட நடுங்கவில்லை. அந்தப் பிரதிவாதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

இப்போது பழமலைக்கு வருகிறேன். அவருடைய பட்டறை ஊருக்குக் கிழக்கே பாசன வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. மண் ஏற்றிய வண்டி வாய்க்கால் கரை வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் பூவராகவன், கரை தன்னுடையது என்று வேலி போட்டார். பழமலை வழிகேட்டு வழக்குப் போட்டார். பூவராகவனுக்கு வக்கீல் நான். வழக்கு முடியும்வரை வண்டி போகலாம் என்று கோர்ட்டு ஒரு இடைக்கால உத்தரவு கொடுத்திருந்தது. அந்த உத்தரவில்தான் சூளை எரிந்துகொண்டிருந்தது, அங்கே வேலை செய்கிற பெண்களின் வீட்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது.

வாய்க்கால் அந்தக் குடும்பத்தை விடாது போலிருக்கிறது. பழமலையின் பாட்டனுக்குப் பாட்டன், அவர் பெயரும் பழமலைதான், ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் சேத்தியாத்தோப்புக்குக் கீழே ஒரு வாய்க்காலில் கூட்டாளிகளோடு படகு விட்டுப் பிழைத்தவர். நெல்லும் உப்பும் பானையும் கடற்கரைப் பக்கம் போகும், வரும். ஒரு மழைக்காலத்தில் படகு கவிழ்ந்து ஒரு வியாபாரியின் நெல் முழுதும் தண்ணீரோடு போயிற்று. அவர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். வழக்கை எழுதிய குமாஸ்தா கொஞ்சம் சமஸ்கிருதம் படித்தவர். பழமலை என்றாலும் விருத்தகிரி என்றாலும் எங்கள் ஊர்ச் சாமி ஒருவர்தான், இரண்டுக்கும் பழைய மலை என்றே அர்த்தம். பழமலை என்று எழுதக் கூச்சப்பட்டு, கௌரவமாக இருக்கட்டும் என்று விருத்தகிரி என்று எழுதிவிட்டார்.

சம்மன் கொண்டுவந்த சேவகன் படகுத் துறையில் நின்று விருத்தகிரி யார் என்று கேட்டான். அப்படி யாரும் இங்கே இல்லை என்று பழமலையே சொல்லி அனுப்பினார். சேவகன் ஒரு சுவரில் சம்மனை ஒட்டிவிட்டுப் போய்விட்டான். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆயிற்று, படகுகள் ஜப்தி. அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டபோது, இரண்டும் ஒரே பெயர்தானே, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே என்று கீழ்க்கோர்ட்டு மறுத்துவிட்டது. மனுஷர் விடவில்லை, சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். அங்கே இரண்டு வெள்ளைக்கார நீதிபதிகள், அர்த்தம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் சம்மன் அர்த்தத்துக்கு அனுப்பப்படுவதில்லை, ஆளுக்கு அனுப்பப்படுகிறது என்று சொல்லித் தீர்ப்பை ரத்து செய்தார்கள்.

அந்த வழக்கு நடந்த காலத்தில் அவருடைய வக்கீல் ஒரு புத்தி சொல்லியிருந்தார். விருத்தகிரி என்று யார் கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்காதே, தவறிப்போய்த் திரும்பிப் பார்த்தாலும் கேஸு போச்சு என்றார். வழக்கு முடிந்த பிறகு அந்தப் புத்தியைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு ஞாபகம் இல்லை. வக்கீல்கள் நாங்கள் அப்படித்தான். அந்த வீட்டு ஆண்கள் இன்றுவரை அந்தப் பெயருக்கு ஏன் என்று கேட்பதில்லை. எங்கள் பெயருக்காக ஐகோர்ட்டே இறங்கி வந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மறு விசாரணையில் அவர் முறைப்படி தோற்றார், படகுகளும் முறைப்படி போயின. அதை மட்டும் அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

இன்றைய பழமலைக்கு வந்த வினை, பள்ளிக்கூடத்து வாத்தியாரால் வந்தது. முதல் வகுப்பில் சேர்க்கும்போது அந்தப் புண்ணியவானும் பெயரை விருத்தகிரி என்று எழுதிவிட்டார். ஆதார், பட்டா, பட்டறை லைசென்ஸ் எல்லாம் அந்தப் பெயரில். கையெழுத்து போடுவார். படகுக்காரப் பழமலைக்குச் சொன்ன புத்தியில் கையெழுத்தைப் பற்றி எதுவும் இல்லையே. வாயால் கூப்பிட்டால் மட்டும் கல்லுப் பிள்ளையார். பேங்கில் பெயர் சொன்னால் கூரையைப் பார்ப்பார், டோக்கன் நம்பர் சொன்னால் எழுந்து போவார். கோர்ட்டில் அவர் பெயர் வரும்போதெல்லாம் அவருடைய வக்கீல் மணிபாரதி, நேற்று மீசை முளைத்த பையன், எழுந்து ஆஜர் சொல்லிவிடுவான். அதனால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மணிபாரதி கடலூரில் வேறு ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டான். பழமலை மட்டும் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திரௌபதி வாசலில் நின்று, விருத்தகிரி என்று கூப்பிட்டார். பழமலை கூரையைப் பார்த்தார். படியில் இறங்கிக் கூப்பிட்டார். கூரை. மூன்றாவது தடவைக்கு முன்னால் திரௌபதி ஒரு நிமிஷம் நின்றதை நான் பார்த்தேன். டீக்கடைப் பக்கம் திரும்பவில்லை. பெஞ்சுக்கு நேர் எதிரே வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்தே கூப்பிட்டார். பழமலைக்குக் கண் கலங்கியது, வாய் திறக்கவில்லை. வழக்கு தள்ளுபடி. நான் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் விடிந்ததும் பூவராகவன் கரையில் இருந்த வேலிக் கேட்டைப் பூட்டிவிட்டார்.

அடுத்த வாரம் மணிபாரதி, வழக்கைத் திரும்பக் கோப்பில் எடுக்கச் சொல்லி மனு போட்டான். பெயரைக் கூப்பிட்டது மனுதாரர் காதில் விழவில்லை, அலுவலக உதவியாளர் சரியாகக் கூப்பிடவில்லை என்று எழுதியிருந்தான். இப்படிப்பட்ட மனுக்களில் வழக்கமாக எழுதுகிற வரிதான். பழமலை படிக்காமல் கையெழுத்து போட்டிருந்தார். ஆனால் வரி வரிதானே. நீதிபதி, தெற்கேயிருந்து வந்த அம்மா, கண்டிப்பானவர். திரௌபதியிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டார்.

ஆபீஸில் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். சத்தத்தில் கேட்டிருக்காது, மன்னிக்கவும் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடு. பழமலைக்கு வழக்கு கிடைக்கும், பட்டறை பிழைக்கும், உனக்கும் ஒரு எச்சரிக்கையோடு போய்விடும். நியாயமான யோசனைதான். அந்தப் பட்டறைச் சோற்றைச் சாப்பிட்ட பெண் அவர், அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் அவருடைய தோழிகள். அவர்களில் இருவர் கோர்ட்டு வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். திரௌபதி அழுதார். ஆனால் எழுதிக் கொடுக்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் நின்று கூப்பிட்டதைக் கூப்பிடவில்லை என்று எழுதினால், நாளையிலிருந்து எந்த வாயால் கூப்பிடுவது என்று கேட்டார். மூன்று தடவையும் கேட்கும்படி கூப்பிட்டேன் என்று ஒரே வரியில் விளக்கம் கொடுத்தார்.

மனு விசாரணைக்கு வந்த அன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. பழமலை கூண்டில் ஏறினார். குறுக்கு விசாரணை என்னுடையது. கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. அன்று காலை உங்கள் பெயரைக் கூப்பிட்டது காதில் விழுந்ததா இல்லையா என்று கேட்டேன். கேட்கவில்லை என்று சொன்னால் திரௌபதி பொய்க்காரி. கேட்டது என்று சொன்னால் அவருடைய மனுவே பொய். கேட்டுவிட்டு நான் நிம்மதியாகக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். பழமலை கதவோரம் நின்றிருந்த திரௌபதியைப் பார்த்தார். மணிபாரதி இருமினான்.

“கேட்டுச்சுங்க,” என்றார் பழமலை. “மூணு தபாவும் கேட்டுச்சு. எங்க பால் மில்லு ஓடறப்பவே இந்தப் பொண்ணு கொரலு கேக்கும். கேக்கலன்னு சொன்னா என் நாக்கு அழுவிப் போயிடும்.”

மணிபாரதி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். பிறகு ஏன் எழுந்து வரவில்லை என்று நீதிபதி கேட்டார். பழமலை சொன்னார். படகு கவிழ்ந்ததிலிருந்து ஐகோர்ட்டு வரை முழுதாகச் சொன்னார், ஐகோர்ட்டோடு நிறுத்திக்கொண்டார். பின்வரிசையில் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. திரௌபதியை முன்னால் வரச்சொன்னார். இவரைத் தெரியுமா என்று கேட்டார். பழமலை அண்ணன் பட்டறையில்தான் வேலை செய்தேன் என்றார் திரௌபதி. அந்தப் பெயரைச் சொன்னால் எழுந்து வருவார் என்று தெரிந்தும், ஏன் அப்படிக் கூப்பிடவில்லை என்று கேட்டார் நீதிபதி.

“லிஸ்ட்டுல இருக்கற பேரத்தாங்க நான் கூப்பிடணும்,” என்றார் திரௌபதி. “தெரிஞ்சவங்களுக்கு ஒரு பேரு சேத்துக் கூப்பிட்டா, தெரியாதவங்களுக்கு யாருங்கம்மா சேத்துக் கூப்பிடுவா?”

கணவர் பெயரைக் கூப்பிட்ட நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அங்கேயே மனுவை எதிர்ப்பதைக் கைவிட்டிருப்பேன், நல்ல வேளை.

வக்கீல் என்று இருந்தால் வாதாடித்தானே ஆகவேண்டும். விருத்தகிரி, பழமலை இரண்டும் ஒரே பெயர், மனுதாரருக்கே அது தெரியும், கேட்டும் வராதது அவர் குற்றம் என்று அழுத்தமாகச் சொன்னேன். நீதிபதி, பார் நூலகத்தில் பூச்சி அரித்துக் கிடந்த பழைய தீர்ப்புத் தொகுதியை எடுத்துவரச் சொன்னார். அதில் இருந்த படகு வழக்கில் இதே வாதம் இருந்தது, அதற்கான பதிலும் இருந்தது. நூறு வருடத்துக்கு முன்பே தோற்றுப்போன வாதத்தை மறுபடியும் எடுத்துவைத்துத் தோற்ற கௌரவம் எனக்குக் கிடைத்தது.

வழக்கு கோப்புக்குத் திரும்பியது. வாதியின் பெயரைப் பழமலை என்கிற விருத்தகிரி என்று திருத்தும்படி உத்தரவு. படிக்காமல் கையெழுத்து போட்டதற்குப் பழமலைக்கும், தெரியாததை எழுதியதற்கு மணிபாரதிக்கும் நல்ல டோஸ். மெமோ ரத்து. அதோடு முடித்திருக்கலாம். நீதிபதி கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னார். ‘அலுவலக உதவியாளர் திருமதி திரௌபதி, பட்டியலில் கண்ட பெயரை மூன்று முறை தெளிவாக அழைத்தார் என்பதும், அந்த அழைப்பு மனுதாரரின் காதில் விழுந்தது என்பதும் இம்மன்றத்தில் ஐயமின்றி நிரூபணமாகியுள்ளன.’ திரௌபதி கதவோரம் அசையாமல் நின்றார். பட்டையின் பித்தளை வில்லை மட்டும் ஏறி இறங்கியது.

பூவராகவன் கேட்டைத் திறந்தார். மண் வண்டி போகிறது. வழக்கு இன்னும் நடக்கிறது, நான் இன்னும் எதிர்த்தரப்புதான்.

சில நாள் கழித்து, கோர்ட்டு முடிந்த சாயங்காலம் திரௌபதி என் ஆபீஸுக்கு வந்தார். அந்த உத்தரவுக்குக் கோர்ட்டு முத்திரையோடு நகல் வேண்டும் என்றார். வழக்குக் கட்டு அவர் கையில்தான் தினம் போய் வருகிறது, செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். அது திருட்டு என்றார். சரிதான். வழக்கில் கட்சிக்காரராக இல்லாத ஒருவர் நகல் கேட்டால், எதற்காகக் கேட்கிறேன் என்று பிரமாணப் பத்திரம் போடவேண்டும். சொத்து விவகாரம், மேல்முறையீடு என்று ஏதாவது எழுதுவோம். நான் டைப் அடிக்க உட்கார்ந்து, என்ன காரணம் என்று கேட்டேன்.

“பெருமைக்குன்னு எழுதுங்க சார்,” என்றார்.

சட்டத்தில் அப்படி ஒரு காரணம் கிடையாது, மனுவைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்றேன். எறிந்தால் எறியட்டும், பொய்க் காரணம் வேண்டாம் என்றார். நான் அதையே அடித்துக் கொடுத்தேன். மறுநாள் நீதிபதி அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, காரணம் ஏற்கப்பட்டது, நகல் வழங்குக என்று எழுதிக் கையெழுத்து போட்டார்.